ரெண்டு குத்துக்கு மேல் கிடையாது!

உள்ளே விட்டுவிட்டார்கள்! கள்ளக்குறிச்சிப் பக்கம், மருத்துவ மாணவர்கள் பயிற்சி எடுக்கும் வார்டு ஒன்றுக்குள் நுழைந்திருக்கிறேன். கையில் ஓ.பி. சீட்டு இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. யாரையும் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரவும் இல்லை. மாணவர்களை மேய்க்கும் பேராசிரியர்கள் எதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று திரைக்குப் பின்னால் நின்று பார்க்கப்போகிறேன். பேராசிரியர் அம்மா மூன்று நிபந்தனை போட்டார். எந்த வார்டு என்று எழுதக்கூடாது. யார் பெயரும் வரக்கூடாது. போன் பையை விட்டு வெளியே வரக்கூடாது. நாலாவதாக ஒன்று இருக்கிறது என்றார். என்னவென்று சொல்லவில்லை. சரி, வாங்க, முதலில் டெமோ ரூமுக்குள் எட்டிப் பார்ப்போம்.

வார்டின் கடைசியில், ஆக்சிஜன் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு கதவு. தள்ளினால் எலுமிச்சை சாத வாசனை! மூலையில் சக்கரம் கழன்ற வீல்சேர். எக்ஸ்ரே மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டி விட்டு விட்டு மினுக்குகிறது. பலகையில் யாரோ பாதி அழித்த இதயம். பெஞ்சு மேல் டிபன் பாக்ஸ்களுக்கும் ஸ்டெதஸ்கோப்புகளுக்கும் இடையே இடப் போர். ஒரு பையன் வெள்ளைக் கோட்டின் முன்பக்கத்தை மட்டும் இஸ்திரி போட்டிருக்கிறான். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்! அவன் பாக்கெட்டில் டார்ச், அளவு டேப், முழங்காலைத் தட்டும் சுத்தி, பாதி கடித்த பன். ஒரு பெண் தோழியின் முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். தோழியோ அசையாமல் வாய்க்குள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்: "நாற்பத்தஞ்சு வயது, கரும்பு வெட்டும் தொழிலாளி, ரெண்டு வருஷமாக மூச்சுத் திணறல்..."

மேசை மேல் தோளோடு வெட்டி வைத்த மாதிரி ஒரு ரப்பர் கை. ஊசி போட்டுப் பழகுவதற்காக. மாணவர்கள் அதற்கு 'ரப்பர் ராமசாமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல தலைமுறை மாணவர்களிடம் குத்துப்பட்டு முழங்கை மடிப்பெல்லாம் ஓட்டை. "ராமசாமிக்கு எத்தனை குத்து வேணாலும் போடலாம் சார், திட்ட மாட்டார்" என்றான் பன் பையன். இந்த வார்டின் சிக்கல் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ராமசாமி திட்ட மாட்டார். ஆனால் ராமசாமியை மட்டும் குத்திப் பழகியவர் டாக்டர் ஆகிவிட முடியாது. என்றைக்காவது ஒரு நாள் ரத்தமும் சதையுமான ஒருவருடைய கையைப் பிடிக்கவேண்டும். யாருடைய கை? யார் கேட்டுப் பிடிப்பது? தவறினால் யார் பொறுப்பு?

கள்ளக்குறிச்சிக்கு இந்தக் கேள்விகள் புதுசு. மாவட்டமே 2019 நவம்பர் 26 அன்றுதான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து பிறந்தது. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று, தமிழ்நாட்டின் மற்ற பத்து புதுக் கல்லூரிகளோடு ஒரே நாளில் திறந்தது. வருஷத்துக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். அதுவரை ஊரின் கட்டில்களில் நோயாளிகள் டாக்டருக்காக மட்டும் காத்திருந்தார்கள். இப்போது டாக்டர் ஆகப்போகிறவர்களும் அதே கட்டிலைச் சுற்றி வந்து நிற்கிறார்கள்.

எட்டு மணி. பேராசிரியர் அம்மா உள்ளே வந்ததும் டிபன் பாக்ஸ்கள் மாயமாக மறைந்தன. வாசனை மட்டும் மறையவில்லை. அவர் மூக்கைச் சுருக்கி, "யாரு வீட்ல லெமன் ரைஸ்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விரல் விட்டு எண்ணினார். "பேரு. எந்த வருஷம். எதுக்கு வந்திருக்கோம். வேணாம்னா போயிடுறோம். இந்த நாலும் சொல்லாம யாரும் யார் மேலயும் கை வைக்கக்கூடாது." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான். அதுதான் நாலாவது நிபந்தனை."

எனக்குமா!

முதல் கட்டிலில் ஒரு பாட்டி. காலில் சர்க்கரைப் புண், கட்டுப் போட்டிருக்கிறது. நான் கை கட்டி நின்று, பத்திரிகைக்கு எழுதுகிறேன், மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்க வந்தேன், நீங்கள் வேண்டாம் என்றால் போய்விடுகிறேன் என்று ஒப்பித்தேன். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் கால்ல சீழு. இத எழுதி யாரு படிக்கப்போறாங்க? நீ போய்யா." வார்டே சிரித்தது. பன் பையன் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் ஒன்று புரிந்தது. அந்த நாலு வரியைச் சொல்லிவிட்டு பதிலுக்குக் காத்திருக்கும் நொடி இருக்கிறதே, அதில் கட்டிலில் படுத்திருப்பவர்தான் பெரிய ஆள்.

மாணவர்களுக்கு இந்த நாலில் கஷ்டமானது 'எந்த வருஷம்'தான். காரணம் வேடிக்கையானது. வெள்ளைக் கோட்டைப் போட்டவுடன் ஊரே டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறது. ஒரு தாத்தா அந்த முழங்கால் தட்டும் பெண்ணை, "டாக்டரம்மா, எனக்கு எப்ப வீட்டுக்கு விடுவீங்க?" என்று கேட்டார். அவள் முகத்தைப் பார்க்கணுமே! பள்ளிக்கூடம் முடித்து நீட் எழுதி இவ்வளவு தூரம் வந்ததற்கு அந்த ஒரு வார்த்தையே சம்பளம். அதை அவள் இப்போது தன் கையாலேயே திருப்பிக் கொடுக்கவேண்டும். "நான் இன்னும் படிச்சிட்டுதான் இருக்கேன் தாத்தா. மூணாவது வருஷம். பெரிய டாக்டர் வந்து சொல்வாங்க." தாத்தா விடவில்லை. "பரவால்ல, நாளைக்கு ஆயிடுவ!" பேராசிரியர் அம்மா ஏதோ கேஸ் ஷீட்டைப் புரட்டுகிற மாதிரி நின்றார். காது இங்கேதான் இருந்தது. அந்தப் பெண் தாண்டிப் போகும்போது தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான் பாராட்டு.

அடுத்த கட்டிலில் கதை மாறியது. ஒரு பையன் நாலு வரியையும் ஒழுங்காகச் சொன்னான். அந்த அம்மா, "வேணாம் கண்ணு, ராத்திரி முழுக்கத் தூங்கல" என்றார். பையன் கெஞ்சினான். "ஒரே நிமிஷந்தான் ஆன்ட்டி, வயித்த மட்டும் தொட்டுப் பாத்துக்கறேன்." அவன் கோட்டின் பின்பக்கத்தை ஒரு கை பிடித்து இழுத்தது. அவ்வளவு மெதுவாக, அந்த அம்மாவுக்குத் தெரியக்கூட இல்லை. வராந்தாவில் வைத்துப் பேராசிரியர் சொன்னார்: "வேணாம்னு ஒரு தடவ சொல்லவே அவங்களுக்கு எவ்ளோ தைரியம் வேணும் தெரியுமா? இலவசமா பாக்கறாங்க, மாட்டேன்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு பயம். நீ ரெண்டாவது தடவ கேட்டா அந்தப் பயத்துல சரின்னுடுவாங்க. அது சரி இல்லப்பா."

இதற்குப் பின்னால் நடந்ததை நான் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். மத்தியானம் எல்லோரும் கிளம்பிய பிறகு, பேராசிரியர் அம்மா தனியாக வார்டுக்குள் திரும்பி வந்தார். காலையில் வேண்டாம் என்று சொன்ன மூவரின் கட்டிலுக்கு மட்டும் போனார். பிரஷர் பார்த்தாயிற்றா, மாத்திரை நேரத்துக்கு வந்ததா, கட்டு மாற்றினார்களா என்று சிஸ்டரிடம் விசாரித்தார். ஏன் அந்த மூவர் மட்டும் என்று கேட்டேன். "மறுத்ததுக்கு இங்க யாரும் அபராதம் போடலன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. என் கணக்கில் இந்த வார்டின் ஒழுக்கம் முழுக்க அந்த ஐந்து நிமிஷ நடையில்தான் இருக்கிறது. 'வேண்டாம்' செல்லுபடியாகும் இடத்தில்தான் 'சரி' என்பதற்கும் மதிப்பு.

வாங்க, இப்போது கரும்பு வெட்டுகிறவரைப் பார்ப்போம். வார்டின் நட்சத்திரம் அவர்! இதய வால்வு சுருங்கியிருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் தாழ்ந்த குரலில் ஒரு முணுமுணுப்பு. மாணவர்கள் அதற்கு மர்மர் என்பார்கள். "சூப்பர் மர்மர் மேம்! செம கேஸ்!" என்று ஒருவன் குதித்தான். பேராசிரியர் புருவத்தை மட்டும் உயர்த்தினார். அவன் அப்படியே இறங்கி நின்றான். யாருக்கு சூப்பர் என்பதை அவர் வாய் திறந்து கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது தூய நகைச்சுவை. முதல் மாணவி ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள், கண்ணை மூடினாள், முகத்தைச் சுளித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் இருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தார். "இப்பிடித் திரும்புனாதான் பாப்பா கேக்கும். இன்னும் கொஞ்சம் கீழ வையி. மூச்ச வெளிய விட்டு நிறுத்தட்டா?" ஒவ்வொரு பயிற்சி நேரத்திலும் படுத்துப் படுத்து அவர் ஏறக்குறைய இதயநோய்ப் பேராசிரியராகவே ஆகிவிட்டார். பரீட்சைக்கு உட்கார வைக்கப்படும் நோயாளி மாணவன் காதில் நோயின் பெயரையே சொல்லிவிடுவது தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பழைய வேடிக்கைக் கதை. அது கதை இல்லை என்று இன்றைக்கு நம்பிவிட்டேன்.

நாலு பேர் கேட்டு முடித்ததும் பேராசிரியர் கையை உயர்த்தினார். "போதும்." மிச்சம் ஆறு பேர் முகமும் தொங்கியது. "எக்ஸாமுக்கு இதான் மேம் வரும்..." என்று ஒரு ஈனக்குரல். "அவருக்கு மூச்சு வாங்குது, பாத்தியா?" நான் பார்க்கவில்லை. மாணவர்களும் பார்க்கவில்லை. அவர் மட்டும், பாடம் நடத்திக்கொண்டே, நோயாளியின் கழுத்து நரம்பையும் விலா எலும்பு ஏறி இறங்குவதையும் ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு பேருக்கும் பதிவு செய்த ஒலியைக் கேட்கச் சொல்லி அனுப்பினார். சாயங்காலம் கரும்புக்காரர் தானாகவே சிஸ்டரிடம், "மிச்சப் புள்ளைங்கள அனுப்புங்க, இப்ப நல்லாதான் இருக்கன்" என்று சொல்லியனுப்பினாராம். ஆறு பேரும் ஓடிய ஓட்டத்தைப் பார்க்கணுமே! போகும்போதும் நாலு வரி சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார்கள்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி!

ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பு முடித்து ஒரு வருஷப் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர். வயிற்றுப்போக்கில் வதங்கிப்போன ஒரு அம்மாவுக்கு டிரிப் ஏற்ற வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடவேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு ஒளிந்துகொள்ளும். பேராசிரியர் முதலில் அந்த அம்மாவிடம், "இவர் பயிற்சி டாக்டர். நான் பக்கத்துலயே நிக்கறேன். ரெண்டு தடவைக்குள்ள வரலைன்னா வேற ஆளு போடுவாங்க. சரியாம்மா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சீனியர் சிஸ்டர், கையைக் கட்டிக்கொண்டு. கரண்ட் போன ராத்திரியிலும் தடவிப் பார்த்தே நரம்பைக் கண்டுபிடிப்பவர் என்று பெயர். தான் பத்து நொடியில் முடிக்கும் வேலையை இன்னொருவர் தடவித் தடவிச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு பெரிய தவம் என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

முதல் குத்து. ரத்தம் வரவில்லை. அம்மா "ஸ்ஸ்" என்றார். பையனின் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி, விழவா வேண்டாமா என்று தொங்குகிறது. ரெண்டாவது ஊசியைப் பிரித்தான். கட்டை விரலால் நரம்பைத் தேடினான். தேடிக்கொண்டே இருந்தான். அப்புறம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "மேம், எனக்கு நரம்பு சரியாத் தெரியல. சிஸ்டரே போடட்டும்" என்றான். சிஸ்டர் வந்தார், தட்டினார், போட்டார். டிரிப் ஓட ஆரம்பித்தது. எண்ணினால் பத்து நொடிகூட இருக்காது! பையன் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்கம்மா, வலிச்சிருக்கும்" என்றான். "பரவால்ல தம்பி, எம்புள்ளைக்கும் கை நடுங்கும்" என்றார் அவர்.

கூத்து அதற்குப் பிறகு. லாக் புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்பார்ப்புக்குக் கீழே, எதிர்பார்ப்புக்கு ஏற்ப, எதிர்பார்ப்புக்கு மேலே என்று பி, எம், ஈ மூன்று எழுத்தில் ஒன்று போடுவார்கள். பேராசிரியர் பேனாவைக் கடித்தார். ஊசி போடவில்லை, அதனால் வேலை முடியவில்லை. ஆனால் எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. கடைசியில் ஊசிக்கு 'மறுபடி செய்க' என்று எழுதி, ஓரத்தில் பொடி எழுத்தில் நிறுத்தியதைப் பாராட்டி ஒரு வரி சேர்த்தார். எந்தக் கட்டத்திலும் அடங்காத வரி. "ரெண்டாவது குத்தையும் குத்தியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன், அது அனுமதிச்சதுதான். அவன் குத்தல. அதை எங்க எழுதறது?" என்றார் என்னிடம். அந்தக் கையெழுத்துதான் நாளைக்கு இந்தப் பையனைத் தனியாக ஒரு கிராமத்துக்கு அனுப்பப்போகிறது. பாவம் பார்த்துப் போட்டால் அதன் விலையை யாரோ முகம் தெரியாத நோயாளி கொடுப்பார்.

2022-இல் நாம் எல்லோரும் எதற்குச் சண்டை போட்டோம் என்று ஞாபகம் இருக்கிறதா? மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் வழக்கமான உறுதிமொழிக்குப் பதிலாக சரகர் உறுதிமொழியை வாசித்ததற்கு டீன் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார், அப்புறம் திரும்பி வந்தார். தொலைக்காட்சிகளில் எந்த உறுதிமொழி நல்லது என்று ராத்திரி ராத்திரியாக வாதம். வேண்டிய வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை குத்துக்கு மேல் கூடாது என்பதை எந்த உறுதிமொழியும் சொல்லாது. அதை ஒரு அம்மா பேனாவைக் கடித்துக்கொண்டு முடிவு செய்கிறார். அந்தக் காட்சிக்கு கேமரா வருவதில்லை.

கேன்டீன்! வடையும் டீயும். இங்கேதான் நிஜ வகுப்பு. "இன்னிக்கு நோயாளிகிட்ட நன்றி சொல்லாம வந்தது யாரு?" மௌனம். ஒரு கை மெல்ல உயர்ந்தது. முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்ட பன் பையன். "எல்லாருக்கும் டீ உன் கணக்கு." ஒரே கைத்தட்டல். நானும் குடித்தேன், குற்ற உணர்ச்சி இல்லாமல்.

2019 முதல் மனப்பாங்கு, அறநெறி, பேச்சுமுறை எல்லாம் எம்.பி.பி.எஸ். பாடத்திலேயே இருக்கின்றன. ஏட்கொம் என்று மாணவர்கள் சொல்வார்கள். உடற்கூறியல் மேசையில் கிடக்கும் உடல்தான் முதல் ஆசிரியர் என்று தொடங்கும் வகுப்புகூட உண்டு. பாடம் வந்ததற்குப் பின்னால் பல ஊர்களின் கசப்பு இருக்கிறது. நியூசிலாந்தில் 1988-இல் வெளிவந்த கார்ட்ரைட் விசாரணை அறிக்கை, மயக்க மருந்தில் கிடந்த பெண்களின் உடலில் மாணவர்கள் கேட்காமலே பரிசோதனை பழகியதை அம்பலப்படுத்தியது. அமெரிக்க அரசு இதற்கு நோயாளியின் ஒப்புதல் கட்டாயம் என்று மருத்துவமனைகளுக்குத் திட்டவட்டமாகச் சொன்னது 2024-இல்தான். நம் உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில், ஒன்றுக்கு வாங்கிய ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது. 2022 அக்டோபரில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் செய்யும் இருவிரல் பரிசோதனையைக் கண்டித்து, பாடத்திட்டத்தையே திருத்தச் சொன்னது. "இந்தத் தேதியெல்லாம் பரீட்சைக்கு வருமா மேம்?" என்று கேட்ட பையனுக்கு இன்னொரு டீ செலவு வைத்தார் பேராசிரியர்.

உள்ளூர்ப் பாடமும் உண்டு. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் வரும் மாவட்டம் இது. யாருக்காவது காய்ச்சல் என்று வந்தால், மாணவர்கள் சிரிப்பை அடக்கப் பாடுபடும் காட்சியைத் தான் பார்க்க விரும்பவில்லை என்றார் பேராசிரியர். எப்படிக் கூப்பிடலாம் என்று அவர்களிடமே கேள், எந்த வார்டில் படுக்க விருப்பம் என்று கேள், காய்ச்சலுக்குத் தேவையில்லாத எதையும் கேட்காதே. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகுதான், பாலினச் சிறுபான்மையரை இழிவுபடுத்தும் பாடங்களைக் கைவிடும்படி தேசிய மருத்துவ ஆணையம் கல்லூரிகளுக்குச் சொன்னது.

மறுபடி ஒரு காலை. இந்த முறை பஸ். கல்வராயன் மலைக்கு! கச்சிராயபாளையத்தில் டீ, கோமுகி அணையைத் தாண்டினால் வளைவுகள். வருங்கால மருத்துவர்கள் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். எழுந்தவுடனே போட்டிருக்க வேண்டிய அவோமின் மாத்திரையை மலை ஏறியபின் தேடுகிறார்கள்! நாலாவது வளைவில் பாலிதீன் பைகள் கைமாறின. "இதுல யாருப்பா கேஸ், யாரு டாக்டர்?" என்றார் ஓட்டுநர்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இது. ஒவ்வொரு மாணவரும் சில கிராமக் குடும்பங்களைப் பொறுப்பேற்று அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கவேண்டும். மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே மலையாளிப் பழங்குடியினரின் ஒரு சிற்றூர். சமூக மருத்துவத்துறை சார் கூட வந்திருக்கிறார். ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே எல்லா வீட்டுக்கும் சேர்த்து அனுமதி தந்துவிட்டார். "எங்கூர்ல யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, போங்க!" சார் கும்பிட்டு நன்றி சொன்னார். வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அவர் சொன்னது ஊருக்குள்ள வர்றதுக்கு. ஒவ்வொரு வாசல்லயும் மறுபடி கேக்கணும். பொம்பளைங்ககிட்ட தனியா கேக்கணும்" என்றார். மாணவர்கள் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிடும்வரை வெயிலில் நின்றார்கள். ஒரு வீட்டில் கூப்பிடவே இல்லை. அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள்.

கேள்விப் படிவத்தில் ஒரு வரி: குடிப்பழக்கம் உண்டா? டவுனில் இது சாதாரணக் கேள்வி. இந்த மலையில் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்கு முன்பும் பின்பும் கல்வராயன் மலை என்றாலே செய்திகளில் ஊறல், ரெய்டு, கைது. அந்த வருஷமே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, இந்த மலை மக்களுக்குச் சாலையும் பிழைப்பும் எங்கே என்று அரசைக் கேட்டது. நோட்டும் பேனாவுமாக வந்து சாராயம் பற்றிக் கேட்பவர் இங்கே யாராகத் தெரிவார்? ஒரு மாணவி அந்த வரியைப் படித்ததும் வீட்டுக்காரர் முகம் மூடிக்கொண்டது. அதுவரை சிரித்தவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

சார் அந்த நோட்டை வாங்கி மூடினார். "மொதல்ல ஏன் கேக்கறோம்னு சொல்லு. கல்லீரல், பிரஷர், மாத்திரையோட சேருமா சேராதா, அதுக்குத்தான்னு சொல்லு. எழுதற தாள்ல பேரு வேணாம், நம்பர் போடு. யார் காய்ச்சறாங்கன்னு காதுல விழுந்தாலும் நாம கேக்கல. நம்பி சொன்னது நோட்டை விட்டு எங்கயும் போகாது. இன்னிக்கு அவர் பதில் சொல்லலைன்னா கட்டம் காலியா இருக்கட்டும்." மாணவி, "மார்க் போயிடுமே சார்" என்றாள். "காலிக் கட்டத்துக்கு நான் மார்க் போடறேன், பொய்யா நிரப்புனா போட மாட்டேன்." அவள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே!

மலையில் சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் வந்துகொண்டே இருந்தன. பாட்டியோடு செல்ஃபி எடுக்கப் போன் தூக்கியவனை சார் கண்ணாலேயே இறக்கினார். அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தட்டில் வைத்து நீட்டியதும் ஒருவன் பதறி, "சார், வாங்கலாமா? இது லஞ்சமா?" என்று கேட்க, வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "சாப்புடுப்பா. திரும்பி வந்தா போதும்" என்றார் சார், தானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு.

திரும்பி வருவதுதான் பிரச்சினை. பிரஷர் எகிறியிருந்த ஒரு அம்மாவிடம் முழங்கால் தட்டும் பெண், "அடுத்த வாரம் நானே மாத்திரை கொண்டுவரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மனசு நிறைய அன்பு, முகம் நிறையப் பெருமை. பஸ்ஸில் சார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அடுத்த வாரம் உனக்கு என்ன?" "இன்டர்னல் எக்ஸாம் சார்." "அப்ப எப்படி வருவ?" அவள் கண் கலங்கியது. அவர் திட்டவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். ரெண்டு பேரும் இறங்கித் திரும்பி நடந்து போய், அந்த அம்மாவிடம் தன்னால் வர முடியாது என்று அவளையே சொல்ல வைத்தார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பட்டியலில் பெயர் சேர்க்க அங்கேயே ஏற்பாடும் செய்தார். பஸ்ஸில் இருந்த எங்களுக்குப் பசி. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. சரி, ஒருவர் முணுமுணுத்தார், ஓட்டுநர்.

இறங்கும் வழியில் நான் ஒரு கேள்வி போட்டேன். கருணாபுரம் மாதிரி ஒரு ராத்திரி, கூட்டம் கூட்டமாக வந்து விழுகிறார்கள், டாக்டர் போதவில்லை. அப்போதும் ரெண்டு குத்து, நாலு வரி எல்லாம் உண்டா? "அன்னிக்குப் பாடம் கிடையாது" என்றார் சார் உடனே. "மாணவன் சுவரோரமா நிப்பான், இல்லைன்னா ஸ்ட்ரெச்சர் தள்ளுவான், பேர் எழுதுவான், உறவுக்காரங்களுக்குத் தண்ணி கொடுப்பான். தெரிஞ்ச வேலையை மட்டும். ஆள் பத்தலைங்கறதுக்காக அவன் டாக்டர் ஆயிட மாட்டான்." 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இறுதியாண்டு மாணவர்களைப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு முடிவெடுத்தபோதும், லேசான நோயாளிகளைக் கவனிப்பது, தொலைபேசி ஆலோசனை என்று எல்லை கட்டி, ஆசிரியர் மேற்பார்வையில் மட்டும் என்றுதான் சொன்னது. ஹவுஸ் சர்ஜனே தன் கையெழுத்தில் இறப்புச் சான்றோ காவல்துறை சம்பந்தப்பட்ட மருத்துவ ஆவணமோ தர முடியாது.

கிளம்பும்போது பேராசிரியர் அம்மாவிடம், வாசகர்களுக்கு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். சொன்னதை அப்படியே தருகிறேன். பயிற்சி மருத்துவமனையில் நீங்களோ உங்கள் வீட்டாரோ படுத்திருக்கும்போது வெள்ளைக் கோட்டு யார் வந்தாலும், பெயர் என்ன, எந்த வருஷம் என்று கேளுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதனால் வைத்தியம் குறையக்கூடாது, குறைந்தால் வார்டின் பெரிய டாக்டரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். முடிகிற நாளில் சரி என்றும் சொல்லுங்கள். அடுத்த சில வருஷங்களில் கள்ளக்குறிச்சியிலும் மலையிலும் உங்களைப் பார்க்கப்போகிற டாக்டர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.